ஆளியும் திறவுகோலும்: வலையமைப்புச் சான்றிதழ்களின் வரலாறு – ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் நீர்நிலைகளுள் இரணைமடுக் குளம் தலையாயது. கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இக்குளத்தின் கட்டுமானம் 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. அதன் பின்னரும் அணைக்கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. 1930களில் உருவான கிளிநொச்சிக் குடியேற்றம் இதன் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களை நம்பியே வளர்ந்தது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் பயிரிடுவது, எந்நாளில் நீரைத் திறப்பது, எந்நாளில் நிறுத்துவது என்பன கமக்காரரும் அரச அலுவலரும் ஒன்றுகூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிக்கப்படுகின்றன. துருசின் கதவை உயர்த்தும் தண்டைத் திருப்புவதற்குப் பெருங்கல்வி வேண்டியதில்லை; வலுவுள்ள கை போதும். ஆயின் அதனைத் திருப்பும் உரிமை எவருக்குரியது, எவருடைய சொல்லின் பேரில், எந்நாள்வரை என்னும் வினாக்களே ஊரைக் காப்பனவும் பகைக்குள்ளாக்குவனவும் ஆகும். இவ்வினாக்களுக்கு ஊரார் விடை கண்ட முறை எளியது. பொறியியலாளரை அலுவலர் அறிவர்; வட்டவிதானையைக் கமக்காரர் அறிவர். முகமே சான்று.

இதே இரணைமடுவுக்கு அண்மையில், ஏ-9 வீதியோரமாக, அறிவியல் நகர் அமைந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் போருக்குப் பின்னர் அங்கு இயங்கி வருகின்றன. இத்தகைய கல்விநிலையம் எதிலும் கணினிகள் ஒன்றோடொன்று உரையாடுவது ஆளி எனப்படும் பெட்டிகளின் வழியாகவேயாகும். கட்டடத்தின் ஏதோவொரு மூலையில், பூட்டிய சிறு அலுமாரிக்குள், எவர் கண்ணிலும் படாது அது இருக்கும். வாய்க்கால் நீரை மடைகள் வயல்தோறும் பிரித்தனுப்புவது போல, வந்துசேரும் தரவை உரிய கணினிக்கு மட்டும் பிரித்தனுப்புவது அதன் தொழில். அதன் அமைப்பை மாற்ற வல்லவர் எவரோ அவரே அவ்வளாகத்தின் செய்திப் போக்கினை ஆள்பவராவர். பூட்டும் திறவுகோலும் அங்கும் வேண்டியனவாயின. ஆயினும் அங்கு முகம் இல்லை. முகமில்லாத இடத்தில் நம்பிக்கையை எவ்வாறு நாட்டுவது என்பதே சான்றிதழ்களின் வரலாற்றிற்கு அடிப்படையான சிக்கலாகும்.

ஈழத்துப் பேச்சு வழக்கிலே திறவுகோலைத் ‘திறப்பு’ என்பர். திறக்கும் கருவியையும் திறக்கும் செயலையும் ஒரு சொல்லே குறிப்பது இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. திறப்பை வைத்திருப்பவரும் திறக்கும் உரிமையுடையவரும் ஒருவரே என்னும் பழைய நம்பிக்கை அச்சொல்லிலே பொதிந்து கிடக்கின்றது. அந்நம்பிக்கை வலையமைப்பிலே எவ்வாறு ஆட்டங்கண்டது என்பதை இனி நோக்கலாம்.

ஈதர்நெற் என்னும் கணினி வலையமைப்பு முறை அமெரிக்காவின் சிறொக்ஸ் ஆய்வகத்தில் 1973ஆம் ஆண்டளவிலே தோன்றியது. தொடக்கத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. ஒருவர் பேசுவது அனைவர் செவியிலும் விழும். 1990ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் இயங்கிய கல்பனா என்னும் நிறுவனம் முதலாவது ஈதர்நெற் ஆளியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்தியர். நிறுவனத்தின் பெயரும் அவ்வாறே. 1994இல் சிஸ்கோ நிறுவனம் அதனை வாங்கிக் கொண்டது. இந்த ஆளிகளைத் தொலைவிலிருந்து நிருவகிப்பதற்கு அக்காலத்தில் ரெல்நெற் என்னும் முறையே கையாளப்பட்டது. அம்முறையில் நிருவாகியின் கடவுச்சொல் மறைப்பு எதுவுமின்றி, எழுதிய எழுத்தாகவே கம்பி வழியே செல்லும். ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் எவரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திரட்டிய நிகழ்ச்சியின் பின்னரே, அங்கு ஆய்வாளராயிருந்த தத்து யுலோனன் 1995ஆம் ஆண்டிலே எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்க முறையை எழுதினார். அதே ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனம் இணையப் பக்கங்களுக்கென எஸ்.எஸ்.எல். என்னும் முறையை வெளியிட்டது. பின்னாளில் ஆளிகள் இணையப் பக்கத்தின் வாயிலாகவும் நிருவகிக்கப்படலாயின. அதனால் ஒவ்வோர் ஆளியும் தனக்குள் ஒரு சிறு சேவையகத்தைக் கொள்வதாயிற்று. சேவையகம் உள்ள இடத்தில் சான்றிதழும் வேண்டும்.

இம்முறைகள் யாவற்றுக்கும் அடித்தளமான கருத்து இருபதாண்டுகள் முந்தியது. நெடுங்காலமாக, மறைமொழி எழுதுபவரும் படிப்பவரும் ஒரே திறவுகோலை வைத்திருத்தல் வேண்டும் என்பதே விதியாயிருந்தது. அத்திறவுகோலை முன்கூட்டியே நம்பிக்கையான ஆள்வசம் அனுப்ப வேண்டும். அரசுகளும் படைகளும் அதற்கென்றே தூதுவரை வைத்திருந்தன. 1976ஆம் ஆண்டில் விற்பீல்ட் டிவி, மாட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை இவ்விதியை உடைத்தது. திறவுகோல்கள் இணையாக அமையலாம். பூட்டுவதற்குரியதை உலகறிய வெளியிடலாம். திறப்பதற்குரியதை உடையவர் மட்டும் மறைத்து வைக்கலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டிலே மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த றிவெஸ்ற், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் இதற்கு நடைமுறை வடிவம் கண்டனர். இரு பெரும் பகாவெண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத்தை மீண்டும் அவ்விரண்டாகப் பகுத்தல் அரிது என்னும் உண்மையின் மீதே ஆர்.எஸ்.ஏ. முறை நிற்கின்றது. பிரித்தானிய அரசின் மறைமொழி நிலையத்தில் ஜேம்ஸ் எல்லிஸ் 1970இலும் கிளிபட் கொக்ஸ் 1973இலும் இதே கருத்துக்களை எட்டியிருந்தனர் என்பது 1997ஆம் ஆண்டிலேதான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. இரகசியம் பேணுவோரின் கண்டுபிடிப்பு இரகசியமாகவே கிடந்து பயனற்றுப் போனமை வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

எனினும் டிவியும் ஹெல்மனும் ஒரு சிக்கலை முற்றாகத் தீர்த்திலர். பொதுத் திறவுகோலை வெளியிடலாம் என்பது சரி. ஆனால், வெளியிடப்பட்ட திறவுகோல் இன்னாருடையதுதான் என்று எவ்வாறு அறிவது? தொலைபேசிக் கையேட்டைப் போன்ற ஒரு பொதுப் பதிவேடு இருக்கலாம் என அவர்கள் கருதினர். அவ்வாறாயின் ஒவ்வொரு முறையும் அப்பதிவேட்டை அணுக வேண்டும். பதிவேடு பழுதானால் எல்லாம் பழுதாகும். இதற்கு விடை தந்தவர் பேராசிரியர் அல்லர். லோறன் கோன்பெல்டர் என்னும் இளங்கலை மாணவர். 1978ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக்கு அவர் அளித்த பட்ட ஆய்வேட்டிலே, ஒருவருடைய பெயரையும் அவரது பொதுத் திறவுகோலையும் ஒன்றாகச் சேர்த்து, நம்பத்தக்க ஒருவர் அதன்மீது இலக்கமுறைக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடலாம் என்றும், அதனைச் சான்றிதழ் என அழைக்கலாம் என்றும் முன்மொழிந்தார். பதிவேட்டை ஓயாது சென்று கேட்க வேண்டியதில்லை. சான்றிதழை உடையவரே கையோடு கொண்டுவரலாம். இவ்வெண்ணமே 1988ஆம் ஆண்டில் எக்ஸ்.509 என்னும் சர்வதேச நியமமாயிற்று. சான்றிதழில் வழங்குபவர் பெயர், பெறுபவர் பெயர், பொதுத் திறவுகோல், செல்லுபடியாகத் தொடங்கும் நாள், முடிவடையும் நாள் ஆகியன இடம்பெற வேண்டும் என அது வகுத்தது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் தீர்மானத்தைப் போலவே இதிலும் இருநாட்கள் உள்ளமை நோக்கற்பாலது. நம்பிக்கைக்கும் ஒரு போகம் உண்டு.

இனி ஆளியினுள் இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது விரிவாகக் காணல் தகும். நிருவாகி முதலில் திறவுகோல் இணையொன்றை உருவாக்குமாறு ஆளியைப் பணிக்கின்றார். அதன் நீளத்தை அவரே தெரிவு செய்வார். முன்னைய ஆளிகளில் 512 அல்லது 1024 பிற் வழக்கிலிருந்தது, இன்று ஆர்.எஸ்.ஏ. முறைக்கு 2048 பிற்றுக்குக் குறைந்தது ஏற்கப்படுவதில்லை. அந்தரங்கத் திறவுகோல் ஆளியின் அழியா நினைவகத்திலே தங்கிவிடும். மின் போனாலும் மறையாது. அடுத்து இரு வழிகள் உள. ஒன்று, ஆளி தன் சான்றிதழில் தானே கையொப்பமிடுதல். மற்றையது, விண்ணப்பமொன்றை ஆக்கிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரியிடம் அனுப்பி, அவர் கையொப்பமிட்டதை மீள ஏற்றுதல். இரண்டாம் வழியிலும் அந்தரங்கத் திறவுகோல் ஆளியை விட்டு வெளியேறுவதில்லை என்பதே அம்முறையின் சிறப்பு. திறவுகோலை அழித்தால் அதனோடு பிணைந்த சான்றிதழும் அக்கணமே வெற்றெழுத்தாகும். ஆளியைப் பழைய பொருளாக விற்பதற்கு முன் அதனை அழிக்காது விடுவோர், வீட்டை விற்றபின் பெட்டகத் திறப்பையும் கதவிலே விட்டுச் செல்வோரை ஒப்பர்.

தானே கையொப்பமிட்ட சான்றிதழ் பொய்யன்று; ஆயின் அது தன்னைத் தானே அறிமுகப்படுத்திக் கொள்வது. ‘நான் இன்னார்; இதற்கு நானே சாட்சி’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. உலாவி எச்சரிக்கை காட்டும். நிருவாகி அதனைப் பொருட்படுத்தாது முன்செல்வார். நாளடைவில் எச்சரிக்கையைப் புறக்கணிப்பதே பழக்கமாகிவிடும். இடையில் ஒருவர் புகுந்து வேறொரு சான்றிதழை நீட்டினாலும் காணப்படுவது அதே எச்சரிக்கைதான். இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஆளியின் அருகே சென்று, நேரடிக் கம்பி இணைப்பின் வழியாக அதன் திறவுகோலின் விரலடையாளத்தை வாசித்தெழுதி, பின்னர் தொலைவிலிருந்து இணையும்போது காணும் விரலடையாளத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். இது முகமறிதல் என்னும் பழைய முறைக்கே மீண்டும் திரும்புதலாகும். இவ்வளவு சிரமத்தை மேற்கொள்வோர் சிலரே.

திறவுகோல் பிறக்கும் வேளையைப் பற்றிய கேள்வி நெடுங்காலம் எழவில்லை. 2012ஆம் ஆண்டில் நாடியா ஹெனிங்கர் முதலிய நால்வர் இணையமெங்கும் உள்ள பொதுத் திறவுகோல்களைத் திரட்டி ஆராய்ந்தனர். முடிவுகள் திகைப்பூட்டுவனவாயின. ரி.எல்.எஸ். முறையைப் பயன்படுத்திய சேவையகங்களில் குறைந்தது 5.57 வீதமானவையும் எஸ்.எஸ்.எச். சேவையகங்களில் 9.60 வீதமானவையும் ஒரே திறவுகோலை ஆபத்தான முறையிற் பகிர்ந்திருந்தன. ரி.எல்.எஸ். சேவையகங்களில் அரை வீதமானவற்றின் அந்தரங்கத் திறவுகோல்களை அவர்களாற் கணித்தே பெற முடிந்தது. கையாண்ட கருவியோ யூக்கிளிட்டின் காலத்தது. இரு பெருக்கங்களுக்குப் பொதுவான பகாவெண் ஒன்று இருக்குமாயின், அவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண்பதால் இரண்டும் உடைந்துவிடும். பழுதான திறவுகோல்களிற் பெரும்பாலானவை வழிச்செலுத்திகள், தீச்சுவர்கள் போன்ற, விசைப்பலகையோ திரையோ இல்லாத வலையமைப்புக் கருவிகளிலே பிறந்தவை. மனிதர் பயன்படுத்தும் கணினி விசைகள் தட்டப்படுவதிலிருந்தும் சுட்டி அசைவதிலிருந்தும் எழுமாற்றுத் தன்மையைத் திரட்டிக் கொள்ளும். பெட்டியிலிருந்து புதிதாய் எடுத்து முதன்முறை மின்னேற்றிய கருவிக்கோ அவ்வித அனுபவம் எதுவுமில்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதிரியாக விழித்தெழுந்த கருவிகள், ஒரே எண்ணையே எழுமாறாகத் தெரிந்தன. கணிதம் பிழைக்கவில்லை, தனித்து விடப்பட்ட பெட்டியின் பிறப்புச் சூழலே பிழைத்தது.

நாட்கணக்கின் தொல்லை இன்னொன்று. மின்கலமில்லாக் கடிகாரம் கொண்ட ஆளிகள் மின்தடையின் பின் விழிக்கையில் ஆண்டையே மறந்துவிடும். சிஸ்கோ கருவிகள் சில 1993 மார்ச் 1ஆம் திகதியிலிருந்து எண்ணத் தொடங்கும். அவ்வேளையில் உண்டாக்கிய சான்றிதழின் நாட்கள் எவ்வாறிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் நேரச் சேவையகமொன்றிலிருந்து நேரத்தைப் பெறச் செய்த பின்னரே திறவுகோல் உருவாக்குவது அறிந்தோர் வழக்கம். அதே நிறுவனத்தின் பல மென்பொருட் பதிப்புகள், தாமாகக் கையொப்பமிட்ட சான்றிதழ்கள் யாவற்றுக்கும் 2020 ஜனவரி 1ஆம் திகதியையே முடிவுநாளாக எழுதியிருந்தன. அப்பதிப்புகளை எழுதியோர்க்கு 2020 வெகு தொலைவில் இருந்திருத்தல் வேண்டும். 2019 டிசம்பரில் நிறுவனம் அறிவித்தல் விடுத்தது. நள்ளிரவு கடந்தபின் அப்பழைய பதிப்புகளாற் புதிய சான்றிதழொன்றை ஆக்கிக் கொள்ளவும் முடியவில்லை.

இதற்கு ஓராண்டு முன்னர், 2018 டிசம்பர் 6ஆம் திகதி, பிரித்தானியாவின் ஓ-ரூ தொலைபேசி வலையமைப்பின் தரவுச் சேவை நாள் முழுதும் முடங்கியது. யப்பானின் சொப்ற்பாங்க் நிறுவனமும் அவ்வாறே தவித்தது. எரிக்சன் நிறுவனம் வழங்கிய மென்பொருளினுள் காலாவதியான சான்றிதழொன்றே காரணமென அந்நிறுவனமே அறிவித்தது. எதிரி எவருமில்லை, உடைக்கப்பட்ட பூட்டுமில்லை. நாளைக் குறித்துவைத்து நினைவூட்ட ஒருவர் இருந்திலர். அதே டிசம்பரின் பிற்பகுதியில் பெருமழையால் இரணைமடு நிரம்பி, கிளிநொச்சி மாவட்டத்தின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகள் எவ்வேளையில் திறக்கப்பட்டன, உரிய வேளையிற் றிறக்கப்பட்டனவா என்பது வடக்கிலே பெரும் விவாதப் பொருளாயிற்று. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு யாதுமில்லை; ஆயினும் கதவின் வலிமையைக் காட்டிலும் காலமே வினாவாக நின்றமை இரண்டிற்கும் பொது.

சான்றிதழ் வழங்குவோர் தவறினால் நிலைமை என்னாகும்? 2011ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தின் டிஜிநோற்றார் நிறுவனத்தினுட் புகுந்தோர் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை அதன் கையொப்பத்தோடு ஆக்கிக் கொண்டனர். கூகிள் நிறுவனத்தின் பெயரில் அமைந்த ஒன்று ஈரானியப் பயனாளரின் அஞ்சல்களை ஒற்றறியப் பயன்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்நிறுவனம் முறிந்தது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்தும் கூகிளின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தமை கண்டறியப்பட்டு, அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் நீக்கப்பட்டன. டிஜிநோற்றார் நிகழ்ச்சி போன்றவற்றின் விளைவாக, வழங்கப்படும் சான்றிதழ் ஒவ்வொன்றையும் எவரும் பார்வையிடத்தக்க, அழிக்கவியலாத பொதுப் பேரேட்டிலே பதியவேண்டும் என்னும் முறை 2013இல் வகுக்கப்பட்டது. 2018 முதல் குறோம் உலாவி அதனைக் கட்டாயமாக்கியது. கோன்பெல்டர் தவிர்க்க முயன்ற பொதுப் பதிவேடு வேறு வடிவிலே திரும்பி வந்தது.

பத்திரமும் பதிவேடும் வேறுவேறு என்னும் இவ்வுண்மையை ஈழத்தவர் அறியாதவரல்லர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாண நிலங்களைத் தோம்பிலே பதிந்தனர். உறுதி ஒருவர் கையிலிருக்க, தோம்பு அரசின் கையிலிருந்தது. வன்னியின் அண்மைக்கால வரலாறு இதனைக் கொடிய முறையிலே உணர்த்திற்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் இரணைமடுவைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பின்னர் வவுனியா முகாம்களைச் சென்றடைந்தபோது, காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் வழியிலே அழிந்தன. அலுவலகங்களும் சிதைந்தமையால் பல இடங்களில் மூலப்பதிவுகளும் கிடைக்கவில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இவ்விழப்பைப் பதிவு செய்தது. 2013ஆம் ஆண்டிலே காணி ஆணையாளர் நாயகத்தின் 2013/01ஆம் இலக்கச் சுற்றறிக்கை வடக்குக் கிழக்கின் அரச காணிப் பிணக்குகளைத் தீர்க்க வழிமுறைகளை வகுத்தது. பத்திரமும் பதிவும் ஒருங்கே இல்லாதவிடத்து எஞ்சியது அயலவரின் சொல் ஒன்றே: இக்காணியில் இன்னாரே இருந்தார், கிணற்றை இவரே தோண்டினார் என்பது.

இவ்விடத்து ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. தொலைந்த உறுதிக்குப் பிரதி வழங்கலாம். பழைய உரிமை அப்படியே தொடரும். அந்தரங்கத் திறவுகோல் தொலைந்தால் அதற்குப் பிரதி இல்லை. எந்த அயலவரின் சாட்சியும் அதனை மீட்டுத் தராது. புதிய இணையை ஆக்கி, புதிய சான்றிதழைப் பெற்று, பழையதை நீக்கியதாக அறிவிக்க வேண்டும். இலக்கமுறைச் சான்றிதழ் சென்றகாலத்தை அறியாது. இக்கணத்தில் திறவுகோல் எவர் கையில் என்பதை மட்டுமே அது அறியும்.

இலங்கையிலே இலக்கமுறைக் கையொப்பத்துக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இடமளித்தது. அதன்பின் வங்கிகளின் காசோலைத் தீர்வகமான லங்காகிளியர் நிறுவனம் லங்காசைன் என்னும் சான்றிதழ்ச் சேவையை 2009இல் தொடக்கியது. கொழும்பிலே இலக்கமுறைச் சான்றிதழ் பிறந்த ஆண்டும், வன்னியிலே தாட்சான்றிதழ்கள் அழிந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தன. பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பின் வாயிலாக எடுரோம் என்னும் உலகப் பொதுக் கம்பியில்லா இணைப்பும் வழக்கில் வந்துள்ளது. அதிலே இணையும் மாணவர் தம் கடவுச்சொல்லைக் கொடுக்குமுன் எதிரிலுள்ள சேவையகத்தின் சான்றிதழைத் தம் கைப்பேசி சரிபார்க்குமாறு அமைத்தல் வேண்டும். ‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தெரிவு செய்யும் மாணவர், அப்பெயரில் எவர் விரித்த வலையிலும் கடவுச்சொல்லை ஒப்படைத்தவராவர்.

சான்றிதழின் ஆயுள் இப்பொழுது விரைந்து குறுகி வருகின்றது. பொது இணையத்திற்கான சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2020 செப்டெம்பரில் 398 நாட்களாக்கப்பட்டது. 2025 ஏப்ரிலில், சான்றிதழ் வழங்குவோரும் உலாவி ஆக்குவோரும் கூடும் மன்றம் இதனை 2026 மார்ச் 15 முதல் 200 நாட்களாகவும், 2027இல் 100 நாட்களாகவும், 2029இல் 47 நாட்களாகவும் குறைக்கத் தீர்மானித்தது. 2015இல் இலவசச் சேவையாகத் தொடங்கிய லெற்ஸ் என்கிறிப்ற் போன்றவை மனிதர் கைபடாமலே புதுப்பிக்கும் முறையைப் பரப்பியமையால், பெருஞ்சேவையகங்களுக்கு இது பாரமன்று. அலுமாரிக்குள் இருக்கும் ஆளியின் நிலை வேறு. பத்தாண்டு பழைய ஆளிகளிற் பல, தாமாகப் புதுப்பிக்கும் முறையை அறியா. அவை பொது இணையத்தின் முன் நிற்பனவும் அல்ல. நிறுவனத்தின் உள்ளகச் சான்றிதழோ தம் சொந்தக் கையொப்பமோ கொண்டு இயங்குவன. ஆகவே மன்றத்தின் 47 நாள் விதி அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றின் சான்றிதழ் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் அவ்வளாகத்தின் வலையமைப்பு நிருவாகியே இன்றும் தம் கையாற் குறித்து வருகின்றார்.